கடற்கரையில் விடியல், கைத்தொழிற்கூடத்தில் பிற்பகல்: செட்டிநாட்டில் இருவருக்கான ஒரு நாள் பயணம்

செட்டிநாட்டைப் பார்க்க வரும் தம்பதியரில் பெரும்பாலோர் பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டு, கானாடுகாத்தானில் இரண்டு பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்த்து, காரைக்குடியில் ஒரு நல்ல சாப்பாட்டுடன் திரும்பிவிடுகிறார்கள். அந்த வீடுகளைத் தாங்கி நிற்கும் பர்மாத் தேக்கும், தரையில் பதித்த இத்தாலியச் சலவைக்கல்லும், சுவரில் மாட்டிய பெல்ஜியம் கண்ணாடியும் கடல் வழியாக வந்தவை. அவற்றை வாங்கிய செல்வமும் இலங்கை, பர்மா, மலேயா ஆகிய நாடுகளில் கடல் கடந்து ஈட்டப்பட்டதே. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் தாங்கள் என்பது, இவ்வீடுகளைக் கட்டிய நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) மரபுச் செய்தி. இத்தனை உறவு இருந்தும், செட்டிநாட்டுக்கென்று ஒரு முழம் கடற்கரைகூட இல்லாததால், கடல் எவருடைய பயணத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. காரைக்குடியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் பாக் நீரிணையின் மீனவ ஊர்களை அடைந்துவிடலாம். விடியற்காலையைக் கடற்கரைக்கும் மீதிப் பகலை ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பக்கத்துக் கைத்தொழில்களுக்கும் ஒதுக்கினால், கணவனும் மனைவியுமாகச் செல்லும் இருவருக்கு நிறைவான ஒரு நாள் அமையும். அதை எப்படித் திட்டமிடுவது என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தால் படகுகள் கரையிலேயே நிற்கும் என்பதால், புறப்படுவதற்கு முதல்நாள் வானிலை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போதும் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகும் என்றாலும், அந்த மாதங்களில் செட்டிநாட்டு வெயில் பயணத்தின் இன்பத்தைக் கெடுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் கைத்தொழிற்கூடங்களில் பெரும்பாலானவை அன்று மூடியிருக்கும். கடலோரத்தில் தொழிலுக்குப் போகாத நாள் ஊருக்கு ஊர் மாறும். முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் ஊர்களில் வெள்ளிக்கிழமையும் கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமையும் கரை அமைதியாக இருக்கக்கூடும். மேலும் பாக் நீரிணையில் வாரத்தின் சில நாட்கள் விசைப்படகுகளுக்கும் மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கும் என்று பிரித்துக்கொண்டு தொழில் செய்யும் வழக்கம் உண்டு. ஆகவே தங்கும் விடுதியில் சொல்லி, அங்கே மீன் கொண்டுவந்து கொடுப்பவரிடம் ஒரு வார்த்தை விசாரித்துக்கொண்டால், எந்த நாளில் எந்தக் கரையில் படகுகள் ஒதுங்கும் என்பது தெளிவாகிவிடும். இணையத்தில் தேடிக் கிடைக்கும் எதையும்விட இந்த விசாரணை நம்பத்தகுந்தது.

இரவு காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ தங்கி, அதிகாலை ஐந்து மணிக்கு முன்பாகவே காரில் புறப்படுங்கள். தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குச் செல்லும் சாலையே எளியது. தொண்டி இன்று இராமநாதபுரம் மாவட்டத்தின் சிறிய கடலோர ஊராகத் தோன்றினாலும் பாண்டிய நாட்டின் மிகப் பழைய துறைமுகங்களில் ஒன்று; தொண்டியோர் அனுப்பிய அகிலும் துகிலும் சந்தனமும் கருப்பூரமும் கீழைக்காற்றோடு மதுரைக்கு வந்ததைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை குறிப்பிடுகிறது. பிற்காலத்தில் இலங்கைக்குத் தோணிகள் போய்வந்த துறையும் இதுவே. பழைய கட்டடங்களைத் தேடி இங்கே அலைய வேண்டியதில்லை. பல நூற்றாண்டுகளாகத் தொடர்ந்துவரும் கடல்தொழிலே இங்கு காண வேண்டியது. தொண்டியை ஒட்டிய நம்புதாளை, வடக்கே தீர்த்தாண்டதானம், சுந்தரபாண்டியன்பட்டினம் என்று கடற்கரை நெடுக மீனவ ஊர்கள் இருக்கின்றன. அனைத்தையும் பார்க்க முயலாமல், ஏதேனும் ஒரு கரையில் இரண்டு மணி நேரம் நின்று பாருங்கள்.

பாக் நீரிணை ஆழம் குறைந்த, அலை அடங்கிய கடல். முதல்நாள் மாலையில் வலை விரித்துவிட்டுப் போன நாட்டுப்படகுகள் காலையில் திரும்பும்போது, கழுத்தளவு நீரில் இறங்கி நிற்பவர்களையும், கரையில் கூடையோடு காத்திருக்கும் பெண்களையும், வலையிலிருந்து நண்டுகளைக் கால் ஒடியாமல் பிரித்தெடுக்கும் கைகளையும் காணலாம். நீலக்கால் நண்டு, இறால், கணவாய், ஊடகம், ஓரா, முரல், காரல் ஆகியவை இந்தக் கடலின் வழக்கமான வரவுகள். ஏலம் மிக விரைவாக நடக்கும். கூறு போட்ட மீனைச் சுற்றி நிற்கும் வியாபாரிகளுக்கு அது அன்றைய பிழைப்பு என்பதால், ஏலம் நடக்கும் வட்டத்துக்குள் புகுந்து படம் எடுப்பதையும், நடுவில் விலை கேட்பதையும் தவிர்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி நில்லுங்கள். ஏலம் முடிந்தபின் வலை பொத்திக்கொண்டிருப்பவரிடம், “அண்ணே, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் இடம் கொடுப்பார்கள். வலை ஊசியில் நைலான் நூலைச் சுற்றிக்கொண்டு, கிழிந்த கண்ணின் ஓரத்தை வெட்டிச் சீராக்கி, விரலையே அளவுகோலாக வைத்து ஒவ்வொரு கண்ணையும் முடிந்துகொண்டே போகும் அந்த வேலை, பிற்பகலில் நீங்கள் பார்க்கப்போகும் தறிக்கும் ஓலைப் பின்னலுக்கும் சற்றும் குறைந்த கைவினையன்று. படகைப் பழுதுபார்க்கும் ஓடாவி எவரேனும் கரையில் வேலை செய்துகொண்டிருந்தால் அங்கும் நில்லுங்கள். பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திணித்து நீர் புகாமல் அடைக்கும் கலப்பத்து வேலை, கண்ணாடியிழைப் படகுகள் பெருகிய பிறகு அரிதாகி வருகிறது.

இருவராகச் செல்வதன் பயன் இங்கேதான் தெரியும். படகருகே ஆண்கள் பேசும் செய்தி வேறு, மீனை வாங்கி ஊர் ஊராக விற்கும் பெண்கள் சொல்லும் செய்தி வேறு. மனைவி அந்த அக்காக்களுடன் அமர்ந்து பேசினால், எந்த மீன் எந்த மாதத்தில் கொழுத்திருக்கும், எதைக் குழம்பு வைக்கலாம், எதைப் புட்டு செய்யலாம் என்பவற்றோடு, கடன், கூலி, பிள்ளைகளின் படிப்பு என்று கரையின் முழுக் கணக்கும் காதில் விழும். பிறகு காரில் திரும்பும்போது இருவரும் கேட்டதைச் சேர்த்துப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: இந்தக் கடலில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு, படகை இழந்த குடும்பங்கள் பல இருக்கின்றன. அந்தப் பேச்சை நீங்களாகத் தொடங்க வேண்டாம். அவர்கள் தொடங்கினால் பொறுமையாகக் கேளுங்கள். இது எல்லையோரக் கடல் என்பதால் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். ட்ரோன் பறக்கவிடும் எண்ணமே வேண்டாம்.

கரையில் கருத்த நாடாக்களைப் போல ஒதுங்கிக் கிடப்பதைக் குப்பை என்று எண்ணிவிடாதீர்கள், அது கடற்புல். இந்தப் புல்வெளிகளை மேய்ந்து வாழும் ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்காக, இதே பாக் நீரிணையின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் அது. வலையில் சிக்கும் கடற்பசுவை மீனவர்களே வலையை அறுத்து விடுவித்த நிகழ்வுகள் உண்டு; கேட்டால் சொல்வார்கள். யாராவது கடல்குதிரை, பவளப்பாறைத் துண்டு, உலர்ந்த கடல் அட்டை ஆகியவற்றை நினைவுப்பொருளாக நீட்டினால் வாங்காதீர்கள். அவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டவை, வாங்குபவரும் குற்றவாளியாவார்.

படகில் செல்ல விரும்பும் தம்பதியர், தொண்டிக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய காரங்காடு என்னும் மீனவ ஊருக்குப் போகலாம். அங்கே வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். குளிர்காலத்தில் வலசை வரும் நீர்ப்பறவைகளையும் காணலாம். ஆனால் காரங்காட்டைத் தேர்ந்தெடுத்தால் தொண்டியின் ஏலத்தைக் கைவிட வேண்டியிருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் ஏலக் கரையையே சொல்வேன். அலையாத்திக் காடு பிச்சாவரத்திலும் கிடைக்கும், பழந்துறைமுகத்தின் விடியற்காலை வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

கரையை விட்டுக் கிளம்பும் முன் நண்டோ இறாலோ வாங்கிக்கொள்ளுங்கள். இதற்காக ஒரு சிறிய ஐஸ் பெட்டியை முதல்நாளே ஏற்பாடு செய்துகொண்டு, தங்கும் விடுதியின் சமையல்காரரிடம் அதைச் சமைத்துத் தர முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். செட்டிநாட்டு நண்டு மசாலாவும் இறால் தொக்கும் இந்தக் கரையிலிருந்து போகும் சரக்கை நம்பி வளர்ந்த சமையல் என்பதால், காலையில் கண்ணெதிரே வலையிலிருந்து பிரித்த நண்டை நண்பகலில் இலையில் பார்ப்பதே இந்த நாளின் இரு பாதிகளையும் இணைக்கும். நண்டு உயிரோடு அசைகிறதா, தூக்கினால் கனமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கனமில்லாத நண்டில் சதை இருக்காது.

எட்டரை மணிக்கெல்லாம் தொண்டியை விட்டுப் புறப்பட்டால், திருவாடானையில் காலைச் சிற்றுண்டியும் ஆதிரத்தினேசுவரர் கோயிலில் ஒரு வழிபாடும் முடித்துக்கொள்ளலாம். ஞானசம்பந்தர் பாடிய தலம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். பக்கத்தில்தானே இருக்கிறது என்று ஓரியூரையும் ஆவுடையார்கோயிலையும் இதே நாளில் சேர்த்துவிடாதீர்கள். ஆவுடையார்கோயிலின் கற்சிற்பங்களுக்கு மட்டுமே அரை நாள் வேண்டும். நண்டுப் பெட்டியை விடுதியில் கொடுத்துவிட்டு நேரே ஆத்தங்குடிக்குச் செல்லுங்கள்.

ஆத்தங்குடியில் சாலையோரத்திலேயே டைல்ஸ் கூடங்கள் வரிசையாக இருக்கின்றன. விற்பனைக்கூடத்தில் நின்றுவிடாமல், “வேலை நடக்கும் இடத்தைப் பார்க்கலாமா?” என்று கேட்டுப் பின்பக்கக் கொட்டகைக்குச் செல்லுங்கள். அங்கே ஒரு கண்ணாடித் தகடுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. துடைத்துத் துப்புரவாக்கிய கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவத்துக்கான அச்சைப் பொருத்தி, சிமெண்டில் குழைத்த சாயத்தைக் கரண்டியால் ஒவ்வொரு கண்ணியிலும் ஊற்றுவார்கள். அச்சை மெல்லத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல், ஓரம் தொட்டபடி நிற்கும். ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கை அறிந்திருந்தால்தான் அது கைகூடும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த தூளைத் தூவி ஈரத்தை இழுக்கவைத்து, பிறகு குழைத்த கலவையை நிரப்பி, கரணையால் அழுத்தி மட்டம் செய்து, காயவைக்கிறார்கள். மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிச் சில நாட்கள் ஊறவைப்பார்கள். இந்தக் கல் சூளையைப் பார்ப்பதே இல்லை. ஊறிக் காய்ந்தபின் கண்ணாடி தானாக விட்டுவிடும். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடியின் முகத்திலிருந்து வந்தது. உள்ளூர் மணலின் தன்மையும் இதற்குக் காரணம் என்பதில் ஆத்தங்குடிக்காரர்கள் உறுதியாக இருக்கிறார்கள்.

சில கூடங்களில் வருவோரையும் ஒரு கல் ஊற்றிப் பார்க்க விடுவார்கள். ஒருவர் அச்சைப் பிடிக்க மற்றவர் சாயம் ஊற்றும்படி இருவரும் சேர்ந்து செய்யுங்கள். அதற்குரிய பணத்தைக் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். உங்கள் கல் மறுநாள்தான் தொட்டிக்குப் போகும் என்பதால் அதைக் கையோடு எடுத்துவர முடியாது. வீட்டுக்கு வாங்குவதாக இருந்தால், அறையின் அளவைச் சதுர அடியில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வெட்டுச் சேதத்துக்கும் பிற்காலப் பழுதுக்கும் சேர்த்துக் கூடுதலாகச் சில கற்களை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள், ஏனெனில் கையால் குழைக்கும் சாயம் அடுத்த முறை அதே நிறத்தில் அமையும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு கல்லுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள சிறு வேறுபாட்டைக் குறையாகச் சொல்லி விலை பேச வேண்டாம். பதித்தபின் ஆசிட் கலந்த எந்தத் திரவத்தாலும் கழுவக்கூடாது. வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும், நடமாட நடமாட மெருகு ஏறும்.

ஆத்தங்குடியிலேயே பெரிய வீடு என்று வழங்கும் லட்சுமி இல்லத்தைக் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். சற்றுமுன் ஊற்றப்பட்ட அதே கல், முகப்பிலும் வளவிலும் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியிலும்) ஒரு தலைமுறையின் காலடி பட்டு எப்படி முதிர்ந்திருக்கிறது என்பதை அங்கே காணலாம். சுவரைத் தொட்டுப் பாருங்கள்: சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் முதலியவற்றைச் சேர்த்து அரைத்துப் பூசி மெருகேற்றிய செட்டிநாட்டுச் சாந்து, கோடையிலும் குளுமையாக இருக்கும். ஒரு வீட்டை நன்றாகப் பார்த்தால் போதும். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னத் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. ஆனாலும் இவை பலருடைய பங்குரிமை உள்ள குடும்பச் சொத்துக்கள் என்பதால், பூட்டிய வீட்டின் காவலரை வற்புறுத்தாதீர்கள்.

பகலுணவுக்குப் பின் மூன்று மணி வாக்கில் கானாடுகாத்தானில் தறிகளைப் பார்க்கச் செல்லுங்கள். காரைக்குடியிலும் தறிகள் இருக்கின்றன. எங்கே பாவு பூட்டிய தறி ஓடுகிறது என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. இந்தத் தறிகளில் நெய்யப்படும் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று உறுதியான நிறங்கள், பெரிய கட்டங்கள் அல்லது கோடுகள், அகன்ற கரை, கனத்த பருத்தி ஆகியவை அதன் அடையாளம். நெசவாளர் மிதியை மிதித்து, குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடாவை எறியும் ஓசையோடு, பின்கட்டில் அந்த நூலைத் தாரில் (சிறு குழலில்) சுற்றும் பெண்ணின் வேலையையும் கவனியுங்கள். பெரும்பாலும் அவர்களும் கணவனும் மனைவியுமே, கூலியோ ஒரு சேலைக்கென்று சேர்த்தே பேசப்படுகிறது. கைத்தறியா விசைத்தறியா என்ற ஐயம் எழுந்தால், கரையின் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: கைத்தறியானால், துணி சுருங்காமல் விரித்துப் பிடிக்கும் ஊசிமுனைக் குச்சியின் நுண்ணிய துளைகள் இரு விளிம்பிலும் வரிசையாகத் தெரியும். முதல் சில சலவைகளைத் தனியாக, குளிர்ந்த நீரில் செய்யுங்கள்.

கடைசியாகக் கொட்டான். பனங்குருத்தோலையை மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயத்தில் வேகவைத்து, பின்னி எடுக்கும் இந்தச் சிறு கூடைகளை ஒரு காலத்தில் ஆச்சிமார் தங்கள் வீட்டு விசேஷங்களுக்காகத் தாங்களே பின்னினார்கள். மணி கோத்த உறைகள் போட்டு அலங்கரித்தார்கள். பிளாஸ்டிக் வந்தபின் மறைந்துகொண்டிருந்த தொழிலை, சுற்றுக் கிராமங்களின் பெண்கள் மீண்டும் கற்றுத் தொடர்கிறார்கள். கொட்டானுக்கும் புவிசார் குறியீடு உண்டு. பின்னுபவரிடம் நேரில் வாங்க முடிந்தால் அதுவே சிறப்பு. அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்து, இழைகள் இடைவெளியின்றி நெருங்கியிருக்கின்றனவா என்று சோதியுங்கள். ஈரம் படாமல் வைத்தால் பல ஆண்டுகள் இருக்கும். இங்கே பேரம் பேச வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து; காலையில் ஏலத்தில் விலை ஏறியதைப் பார்த்துவிட்டு, மாலையில் ஒரு பெண்ணின் ஒரு நாள் உழைப்பில் ஐம்பது ரூபாயைக் குறைக்கச் சொல்வது பொருந்தாது.

நேரம் மீதமிருந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போகலாம். எனாமல் தட்டு, பித்தளைச் செம்பு, மரப்பெட்டி போன்ற சிறு பொருள்களை வாங்குவதில் தவறில்லை. தூணையும் கதவையும் விலைக்குக் கேட்கும்போது, அவை எந்த வீட்டிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவை என்றும் கேளுங்கள். வாங்குவோர் இருப்பதாலேயே இடிபடும் வீடுகள் உண்டு. நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வதை 1972ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது என்பதை, அயல்நாட்டில் வாழும் தம்பதியர் வாங்குவதற்கு முன்பே கருத்தில் கொள்ள வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, காரும் ஓட்டுநரும் நாள் முழுவதும் தேவைப்படும். பேருந்தில் தொண்டி வரை போய்வரலாம் என்றாலும் விடியற்காலை ஏலத்தைப் பிடிப்பது கடினம். கரையிலும் கூடங்களிலும் சில்லறை நோட்டுகள் வேண்டும் என்பதால் ரொக்கம் வைத்திருங்கள். நனைந்தாலும் கவலையில்லாத செருப்பு, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மீன் கழுவிய கையைத் துடைக்க ஒரு பழைய துண்டு ஆகியவற்றை முதல்நாள் இரவே காரில் எடுத்து வைத்துவிடுங்கள். ஆத்தங்குடிக் கற்கள் மிகக் கனமானவை. இரண்டு மூன்றுக்கு மேல் வாங்கினால் பெட்டியில் அடைக்காமல், கடைக்காரரிடமே வைக்கோல் சுற்றிக் கட்டித்தரச் சொல்லி லாரி சர்வீஸில் அனுப்பிவிடுவதே நல்லது.